முப்பத்தாறாம் பாத்தி

போன வாரம் தையல்காரம்மா மேல் சந்தேகத்தைப் போட்டுவிட்டு நிறுத்தினேன். "பாவம், அவங்களை ஏன் இதுல இழுக்கறீங்க?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் இந்த வாரம் சமாதானம் ஆகலாம். அந்த அம்மாள் வாயில் ஒரு குறையும் இல்லை. பேச்சு கொஞ்சம் அதிகம். அதற்கு எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

நம் கதாநாயகி பல் டாக்டர். மாமனார் வீட்டின் கீழ்த்தளம்தான் கிளினிக். ரிசப்ஷனில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள் நாத்தனார். கணவன் லிஃப்ட் மெக்கானிக். காலையில் மேலே ஏறினால் சாயங்காலம்தான் தரைக்கு வருவான். மாமனார் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிளினிக்கின் பின்பக்கத் தோட்டம் இப்போது அவர் ராஜ்யம்.

பல் கிளினிக்குக்குத் தோட்டம் எதற்கு? அதற்குக் காரணம் ஒரு கண்டக்டர். மாமனாருடைய பஸ்ஸில் பாதிக் காலம் விசிலடித்தவர். வாரம் தவறாமல் வீட்டுக்கு வருவார், வாசலில் நின்று மணிக்கணக்கில் பேசுவார், கிளினிக் கதவை மட்டும் தாண்டமாட்டார். அவர் நாக்கோரம் ஒரு புண் ஆறாமலே இருந்தது. கடைசியில் அவர் அதைக் காட்டியபோது யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் போன மறு மாதம், பின்பக்கம் நிறுத்தியிருந்த பழைய வேனைத் தள்ளிவிட்டு மாமனார் மண்வெட்டியை எடுத்தார். பல் டாக்டர் என்றால் எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய்விடுகிறவர்கள்கூட ஒரு பிடி பீன்ஸ் பறிக்க உள்ளே வருவார்கள். வந்தவர்களை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்து, பேச்சோடு பேச்சாக வாயைப் பார்த்துவிடலாம். இதுதான் திட்டம். எட்டு மாதமாக நன்றாகவே நடக்கிறது.

பாத்திக்குப் படம் போட்டது டாக்டர், அதைப் பார்த்து வெட்டியது மாமனார். முப்பத்திரண்டு பாத்தி, மேல்தாடை கீழ்த்தாடை மாதிரி ரெண்டு வளைவாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்லின் நம்பர், ஒவ்வொன்றுக்கும் தெருவில் ஒரு சொந்தக்காரர். வாயை நாலு பாகமாகப் பிரித்து எண்ணுகிற பல் டாக்டர்கள் வழக்கத்தில் முப்பத்தாறு என்றால் கீழே இடது பக்கத்துக் கடைவாய்ப் பல். இடது என்றால் நோயாளிக்கு இடது. எதிரே நிற்கிற டாக்டருக்கு அது வலது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கதை முழுக்க அதில்தான் நிற்கிறது.

வாளியில் உட்காரவும் கூச்சப்படுகிறவர்களுக்காகத் தோட்டத்து வேலியில் ஒரு பெட்டி. திறந்த வாயின் படம் அச்சடித்த சீட்டில், எங்கே தொந்தரவோ அங்கே ஒரு குறி போட்டு உள்ளே போடலாம். பேர் எழுத வேண்டாம். சீட்டுக்கு, மாதா மாதம் ஒன்றிலிருந்து தொடங்குகிற ஒரு நம்பர் உண்டு, அதே நம்பர் போட்ட துண்டைக் கிழித்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். டாக்டர் பதில் எழுதித் துணி காயப்போடும் கொடியில் கிளிப் போட்டு மாட்டுவாள். அவரவர் வந்து எடுத்துப் போவார்கள்.

திங்கட்கிழமை வந்த ஒன்பதாம் நம்பர் சீட்டில், "மூணு வாரமா ஒரு புண். ஆறலை. வலி இல்லை" என்று கோணல் மாணலாக எழுதியிருந்தது. குறிக்குப் பக்கத்தில் எதையோ எழுதி அடித்திருந்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் 36.

வலி இல்லை என்ற ரெண்டு வார்த்தைதான் டாக்டரின் தூக்கத்தைக் கெடுத்தது. "ஒன்பது: எந்த நேரமானாலும் வாருங்கள், இன்றே வாருங்கள்" என்று மாட்டிய பதில் மூன்று நாளாகக் கொடியில் ஆடிக்கொண்டிருக்கிறது. எடுக்க ஆள் இல்லை.

இன்று வியாழக்கிழமை.

*

"ஆ காட்டுங்க. இன்னும் கொஞ்சம். நாக்கை நீட்டுங்க."

தையல்காரம்மா நாக்கை நீட்டினாள். முப்பத்தாறாம் பாத்தி அவளுடையது. 'அண்ணனோட சட்டைக்குப் பொத்தான் வைக்கணும்' என்று பொய் சொல்லி நாத்தனார் அவளைக் காலையிலேயே வரவழைத்து, நாற்காலியில் சாய்த்துவிட்டாள்.

டாக்டர் நாக்கோரம், கன்னம், அண்ணம் எல்லாம் பார்த்தாள். எல்லாம் சுத்தம். முப்பத்தாறாம் பல் இருக்க வேண்டிய இடத்தில் பல்லே இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் பிடுங்கியதாம்.

"புண்ணா? எனக்கா?" தையல்காரம்மா எழுந்து உட்கார்ந்தாள். "என் வாயால மத்தவங்களுக்குப் புண்ணு வந்தா உண்டு. சட்டை எங்கம்மா? பொத்தான்னு சொன்னியே?"

நாத்தனார் விழித்தாள். சமாளிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்றாலும், கையில் சட்டை இல்லாதபோது என்ன செய்வாள்?

"அண்ணன் அதையே போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டான்."

"பொத்தான் இல்லாமலா?"

"அவனுக்குக் கூச்சம் கம்மி."

தையல்காரம்மா சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். "என் பாத்தி பீன்ஸ் முடிஞ்சு காலியாக் கிடக்கு. டிரைவர் ஐயா கையால எதையாவது விதைக்கச் சொல்லுங்க. அவர் கை ராசி."

அவள் போனாள். பின்பக்கம் மாமனார் குழாயைத் திறந்து தண்ணீர் பாய்ச்சுகிற சத்தம் கேட்டது.

"முப்பத்தாறுன்னதும் பாத்தி நம்பர்னு நெனச்சிட்டேன் அண்ணி. வேற யாரு வீணா அந்த நம்பரை எழுதப் போறாங்க?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." டாக்டர் ஒன்பதாம் சீட்டை மேஜையில் வைத்து உற்றுப் பார்த்தாள். "அந்தப் பழைய சீட்டெல்லாம் எடு."

நாத்தனார் அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து வந்தாள். எட்டு மாதத்துச் சீட்டுகள், நாற்பதுக்குக் குறையாது. ரெண்டு பேரும் சீட்டாட்டம் போல மேஜை முழுக்கப் பரப்பினார்கள். ஒவ்வொரு சீட்டிலும் நாத்தனார் பச்சை மையால் குறிப்பு எழுதியிருந்தாள்: "மாத்திப் போட்டிருக்கார்." "மாத்திப் போட்டிருக்காங்க." "இவரும்தான்."

கண்ணாடி பார்க்கிற பழக்கம் யாரை விட்டது? இடது பக்கம் வலித்தால் காகிதத்திலும் இடது பக்கம் குறி போடுவார்கள். படமோ எதிரே ஒருவர் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி. டாக்டர் ஒவ்வொன்றையும் மனசுக்குள் திருப்பித்தான் படிப்பாள். இந்த எட்டு மாதத்தில் ஒருவர்கூடச் சரியான பக்கம் குறி போட்டதில்லை.

ஒன்பதாம் நம்பர்க்காரர் மட்டும் சரியாகப் போட்டிருந்தார்.

"குறி காகிதத்துல வலது பக்கம் இருக்கு," என்றாள் டாக்டர் மெதுவாக. "பக்கத்துல முப்பத்தாறு. ரெண்டும் பொருந்துது. இது பாத்தி நம்பர் இல்ல. பல் நம்பர்."

"அப்படின்னா படம் தெரிஞ்ச ஆளு."

"இந்த வீட்ல படம் தெரிஞ்சது எத்தனை பேருக்கு?"

நாத்தனார் விரல் விட்டு எண்ணினாள். "நீங்க. நான். அண்ணனை விடுங்க, அவனுக்கு இன்னும் எந்தச் செருப்பு எந்தக் காலுக்குன்னே சந்தேகம்." பிறகு பதறிப்போய், "எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி! வேணும்னா பாருங்க, ஆ..." என்று வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் மூடவில்லை. கண் பின்கதவுப் பக்கம் போனது.

"அண்ணி. அப்பா இப்பல்லாம் காரட்டைக் கடிக்கறதில்ல."

அது ஒரு சின்ன விஷயம். தினமும் காலையில் ஒரு காரட்டைப் பிடுங்கி, குழாயில் அலசி, மடக் மடக்கென்று கடித்துக்கொண்டே தோட்டத்தைச் சுற்றுவது அவர் வழக்கம். அந்தச் சத்தம் ரிசப்ஷன்வரை கேட்கும். 'கொஞ்சம் மெதுவாக் கடிங்கப்பா, பேஷன்ட்டுங்க பயப்படறாங்க' என்று நாத்தனாரே சொல்லியிருக்கிறாள். சொன்னதனால்தான் நிறுத்திவிட்டார் என்று நினைத்திருந்தாள். நினைத்து வருத்தப்படக்கூடச் செய்யாததுதான் இப்போது அவளுக்கு வருத்தமாக இருந்தது.

அவள் எழுந்தாள். டாக்டர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீ வராதே. ரெண்டு பேரா போனா ஏதோ விவகாரம்னு வேலி தாண்டி ஓடிடுவார். நான் மட்டும் போறேன்."

கல்யாணம் ஆகி ஆறு வருஷம். தெருவில் பாதிப் பேரின் கடைவாய்ப் பல் அவளுக்குத் தெரியும். ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிடுகிற மாமனாரின் வாய்க்குள் மட்டும் இன்றுவரை எட்டிப் பார்த்ததில்லை. 'எனக்கென்னம்மா, இரும்புப் பல்லு' என்று நழுவிவிடுவார். அவளும் விட்டுவிட்டாள். மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

சின்ன வட்டக் கண்ணாடியையும் கையுறையையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

*

மாமனார் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுநர் சட்டை போனாலும் தோளில் துண்டு போகவில்லை.

"வா டாக்டரம்மா. என்ன, வெள்ளைக் கோட்டோட மண்ணுக்கு வந்துட்டே?"

டாக்டர் குனிந்து ஒரு காரட்டைப் பிடுங்கினாள். குழாயில் அலசினாள். அவரிடம் நீட்டினாள்.

"கடிங்க மாமா."

"இப்பதான் சாப்பிட்டேன்."

"பாதி கடிங்க."

"பேஷன்ட் குழந்தைங்க வரும், அதுங்களுக்கு வெச்சிடலாம்." குச்சியைக் கட்டுவதில் ரொம்பத் தீவிரமாகிவிட்டார். கட்டிய முடிச்சையே மறுபடி அவிழ்த்தார்.

டாக்டர் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். "ஒன்பதாம் நம்பர் சீட்டுக்காரர் இன்னும் வரலை."

"யாரோ என்னமோ. வேலை இருக்கும்."

"அவருக்கு வேலையே இந்தத் தோட்டம்தான்."

முடிச்சு நின்றது.

"ஊர்ல எல்லாரும் படத்துல பக்கத்தை மாத்திப் போடுவாங்க மாமா. எட்டு மாசத்துல ஒருத்தர்தான் சரியாப் போட்டிருக்கார்."

மாமனார் குச்சியைக் கீழே போட்டார். பிறகு, பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப நான் சரியாப் போட்டதுதான் தப்பாப் போச்சா?"

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ரெண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"இடது கையால வேற எழுதினேன்," என்றார் அவர். "யாருக்கும் தெரியக்கூடாதுன்னு."

"அதான் தையல்காரம்மா கையெழுத்துன்னு நெனச்சோம்."

"அந்தம்மா காதுல விழுந்தா உனக்கு அளவு எடுத்திடும்."

சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். வேலியில் அவர் கையாலேயே ஆணி அடித்து மாட்டிய அட்டை தொங்கியது: "ரெண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவானாலும் காட்டுங்கள்." தினமும் அதன் அடியில் நின்றுதான் தண்ணீர் ஊற்றுகிறார்.

"ஏன் மாமா எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா நீ அன்னிக்கே பாத்திருப்பே. பாத்தா தெரிஞ்சிடும். தெரிஞ்சிடுமேன்னுதான்..."

"பின்ன சீட்டு மட்டும் ஏன் போட்டீங்க?"

"சொல்லாம இருக்கவும் முடியலைம்மா." துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயில் இன்னும் ஏறவில்லை, வியர்வைக்கு வழியில்லை. "கண்டக்டருக்கும் இதே பக்கம்தான். அவனும் இதையேதான் சொன்னான். 'வலியே இல்லடா டிரைவர், விடுடா'ன்னான். நானும் விட்டேன்."

"நானும்தான் விட்டேன் மாமா. வாரா வாரம் வாசல்ல நின்னவரை ஒரு நாள் கையைப் பிடிச்சு உள்ள இழுத்திருக்கணும்."

"இழுத்தா வந்திருப்பானா அவன்?"

"தெரியலை. நான் இழுத்துப் பாக்கலையே." டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டாள். "இன்னிக்கு இழுக்கறேன். வெளிச்சத்தைப் பாத்துத் திரும்பி உக்காருங்க."

மாமனார் திரும்பினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார்.

ஆயிரம் வாய் பார்த்த கை அது. ஆனாலும் கண்ணாடியை வெளிச்சத்தில் ஒரு தடவை தேவையில்லாமல் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

துணியால் நாக்கு நுனியைப் பிடித்து மெதுவாக வலப்பக்கம் திருப்பினாள். இடது ஓரத்தில் இருந்தது. சின்னது, ஒரு பயறு அளவு. அதற்கு நேர் எதிரே முப்பத்தாறாம் பல்லில் பழைய அடைப்பு பெயர்ந்துபோய், விளிம்பு கண்ணாடிச் சில்லு போலக் கூர்மையாக நின்றது. புண்ணை விரலால் தொட்டாள். தாடைக்கு அடியில், கழுத்தில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று தடவினாள். ஒரு தடவை பார்த்ததையே மறுபடியும் பார்த்தாள்.

"சொல்லும்மா," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"பல்லு உடைஞ்சு கூரா நிக்குது. பேசும்போது சாப்பிடும்போது அதுவே நாக்கைக் கீறிக்கிட்டு இருக்கு. அதனால வந்த புண்ணா இருக்கலாம். கட்டி எதுவும் கைக்குத் தட்டலை."

"இருக்கலாமா?"

"இருக்கலாம். உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன் மாமா. இப்பவே பல்லைத் தேய்ச்சு வழவழப்பாக்கிடறேன். ரெண்டு வாரம் பாப்போம். ஆறிட்டா, இந்தப் பல்லு பண்ணின வேலை. ஆறலைன்னா ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். அது வரைக்கும் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

மாமனார் தலையாட்டினார். மூன்று வாரமாக ஒரு ஆளாகச் சுமந்ததை இப்போது ரெண்டு பேர் தூக்குகிறார்கள். தோள் கொஞ்சம் இறங்கியதை டாக்டர் பார்த்தாள்.

"ஆனா உள்ள வரணும். நாற்காலில உக்காரணும். இந்த வாளியில உக்கார வெச்சுப் பல்லைத் தேய்க்க முடியாது."

"அந்த நாற்காலிலயா?"

"பஸ் சீட்டைவிட மெத்துன்னு இருக்கும்."

"பஸ்ல ஸ்டியரிங் என் கையில இருந்துச்சும்மா."

*

பின்கதவிலிருந்து முன் அறை முப்பது தப்படிகூட இருக்காது. மாமனார் காலைக் கழுவினார். தலையை வாரினார். சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று மாடிக்குப் போகப் பார்த்தார். டாக்டர் படிக்கட்டை மறித்து நின்றாள்.

ரிசப்ஷனில் நாத்தனார் அப்பாவைப் பார்த்தாள். அண்ணி முகத்தைப் பார்த்தாள். அண்ணி லேசாகத் தலையசைத்தாள். நாத்தனார் புரிந்துகொண்டு, பேனாவை எடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முதல் தடவையா?"

"ஆமாம்மா," என்றார் அப்பா பணிவாக.

"வயசு?"

"உனக்குத் தெரியாதா?"

"பேஷன்ட்தான் சொல்லணும்."

"அறுபத்து நாலு."

"இத்தனை நாளா ஏன் வரலை?"

கேட்டுவிட்டாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். டோக்கனைக் கொடுக்கிற சாக்கில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் இன்னொரு கையால் அவள் தலையைத் தட்டிக் கொடுத்தார்.

"வந்துட்டேன்ல. விடு. எனக்கு முன்னாடி எத்தனை பேரு?"

"யாருமே இல்லப்பா. உங்க ஒருத்தருக்குத்தான் இப்ப."

நாற்காலி சாய்ந்தபோது பிரேக்கைத் தேடி அவர் வலது கால் ஒரு அழுத்து அழுத்தியது. எந்திரச் சத்தத்தில் கால் இன்னும் ரெண்டு தடவை அழுத்தியது. ஆறு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

"இவ்வளவுதானா?" என்று எழுந்தார். நாக்கால் பல்லைத் துழாவினார். "வழுக்கிக்கிட்டுப் போகுதே."

"போகணும். காரட், மிளகு, சூடு எதுவும் வேண்டாம். அப்புறம்..." டாக்டர் கையுறையைக் கழற்றினாள். "உங்க பிள்ளைகிட்டச் சொல்லணும்."

"ரெண்டு வாரம் கழிச்சுச் சொல்லலாமே. ஒண்ணும் இல்லைன்னா சொல்லவே வேண்டாம்."

"நான் மறைக்க மாட்டேன் மாமா. நானாச் சொல்லவும் மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"எப்ப?"

"அதை உங்க இஷ்டத்துக்கு விடறேன்."

அவர் தோட்டத்துக்குப் போனார். பிறகு நாள் பூராவும் டாக்டர் பின்பக்க ஜன்னல் பக்கம் வரும்போதெல்லாம் முப்பத்தாறாம் பாத்தியில் குனிந்திருந்தார். கொத்தினார், மண்ணைப் பொடி செய்தார், முள்ளங்கி விதையைத் தூவினார், பேர்ப்பலகைக் குச்சியில் எதையோ எழுதி நட்டார்.

*

மாலை ஐந்தரைக்குக் கணவன் வந்தான். கையில் கிரீஸ், சட்டையில் எல்லாப் பொத்தானும். "தையல்காரம்மா தெருவுல நிறுத்தி என் சட்டைப் பொத்தானை எண்ணிப் பாக்குது, என்ன விஷயம்?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் கை கழுவப் போனான்.

டாக்டரும் நாத்தனாரும் பின்கதவுக்கு வந்து நின்றார்கள்.

"என்னப்பா விதைச்சிருக்கீங்க?" கையைத் துடைத்தபடி அவன் குச்சியைக் குனிந்து படித்தான். "பேரே எழுதலையே, விதைச்ச தேதி மட்டும்தான் இருக்கு. அதுவும் தப்பு. ரெண்டு வாரம் தள்ளிப் போட்டிருக்கீங்க."

மாமனார் பூவாளியோடு நின்றார். ஒரு முறை பின்கதவுப் பக்கம் பார்த்தார். மருமகள் அசையவில்லை.

"தப்பு இல்லடா," என்றார். வாளியைக் காலால் கவிழ்த்து அவன் பக்கம் தள்ளினார். "உக்காரு. சொல்றேன். கண்டக்டர் மாமாவை ஞாபகம் இருக்கா?"

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. உட்கார்ந்தான். அவர் சொன்னார். நின்றபடியே, பூவாளியைக் கீழே வைக்காமலே, மூணு வாரத்தையும் சொன்னார். சீட்டைச் சொன்னார். ரெண்டு வாரத்தைச் சொன்னார். அவன் எழுந்து அவர் கையிலிருந்து பூவாளியை வாங்கிக் கீழே வைத்தான்.

"எந்தப் பக்கம்ப்பா?"

மாமனார் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். எதிரே நின்ற மகன், அவரையே பார்த்தபடி, தன் வலது கன்னத்தைத் தொட்டான். அங்கேயே கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி," என்றாள் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனும் மாத்தித்தான் தொடறான்."

"தொடட்டும்," என்றாள் டாக்டர்.